லிங்க் பரிமாற்றம் கேட்டு வரும் மின்னஞ்சல்கள்: எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

உளிச்சத்தம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மரவேலைக்கென்று ஒரு தளம் நடத்துகிறேன். உளி தீட்டுவது, இழைப்புளியைச் சரிசெய்வது, மூட்டு வெட்டுவது என்று நானே செய்து பார்த்தவற்றைத்தான் எழுதுகிறேன். தேடலில் கொஞ்சம் மேலே வர ஆரம்பித்ததிலிருந்து லிங்க் பரிமாற்றம் கேட்டு மின்னஞ்சல்கள் வந்தபடி இருக்கின்றன. மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாமவர், "உங்களுக்கு ஏற்கெனவே லிங்க் கொடுத்துவிட்டோம், 48 மணி நேரத்துக்குள் நீங்களும் கொடுக்காவிட்டால் எடுத்துவிடுவோம்" என்கிறார். போய்ப் பார்த்தேன். லிங்க் இருக்கிறது. அதே பக்கத்தில் கடன், சூதாட்டம், எடைக் குறைப்பு என்று கண்ட கண்ட தளங்களும் வரிசையாக இருக்கின்றன.

இரண்டாமவர், தன் தளத்திலிருந்து எனக்கு லிங்க் தருவாராம். நான் அவருக்குத் தர வேண்டாம், அவர் சொல்லும் வேறொரு தளத்துக்குத் தர வேண்டுமாம்.

மூன்றாமவர் மரத்துக்கு மெருகு பூசுவது பற்றி எழுதுகிறவர். ஷெல்லாக் பூச்சு பற்றி அவர் எழுதியது உண்மையிலேயே நல்ல கட்டுரை. ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் லிங்க் கொடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இதில் எதை ஏற்பது? ஏற்றால் ஏமாறாமல் இருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என் தளத்துக்குத் தண்டனை ஏதும் வருமா?


பழையபதிவர் எழுதியது:

முதல் மின்னஞ்சலைப் படித்த உடனே நீக்கிவிடுங்கள். கெடு வைத்து லிங்க் கேட்கிறவருக்கு உங்கள் கட்டுரை பற்றி எந்த அக்கறையும் இல்லை. இதே மின்னஞ்சல் இன்னும் எத்தனையோ தளங்களுக்குப் போயிருக்கும்.

இந்தச் சந்தை எப்படி வந்தது என்று தெரிந்தால் மற்ற இரண்டையும் எடைபோடுவது எளிது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, அப்படிக் கொடுக்கும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்து அந்தப் பக்கத்தின் முக்கியத்துவத்தை அளப்பதுதான் அது. ஒருவர் தானாக விரும்பி லிங்க் கொடுத்தார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய கணக்கு. லிங்க்குக்கு மதிப்பு வந்தது, உடனே வியாபாரமும் வந்தது. அப்புறம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தெரிந்தது. அதைப் பார்த்து விலை பேசினார்கள். "உன்னுடையது 3, என்னுடையது 5, ஆகவே நீ எனக்கு இரண்டு லிங்க் தர வேண்டும்" என்பது வரை போனது. 2016இல் கூகுள் அந்த மதிப்பெண்ணை வெளியில் காட்டுவதையே நிறுத்திவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.


நிரல்நேசன் எழுதியது:

ஏமாறாமல் இருக்க என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நடக்கும் தில்லுமுல்லுகள் கண்ணால் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் லிங்க் இருக்கும், சொடுக்கினால் உங்கள் தளத்துக்கும் வரும். ஆனால் தேடுபொறிக்கு அப்படி ஒரு லிங்க் இருப்பதே தெரியாதபடி செய்திருப்பார்கள். உங்களிடமிருந்து மட்டும் முழு மதிப்புள்ள லிங்க்கை வாங்கிக்கொள்வார்கள்.

முதலில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, உங்கள் முகவரி வரும் வரியைத் தேடுங்கள். ரெல் என்ற பண்பில் நோஃபாலோ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கருத்துப் பெட்டிகளில் எரித (ஸ்பேம்) லிங்க்குகள் பெருகியபோது அவற்றைக் கட்டுப்படுத்த கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் 2005 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட குறி அது. "இந்த லிங்க்குக்கு நான் சான்று தரவில்லை" என்பதுதான் அதன் பொருள். நோஓப்பனர், நோரெஃபரர் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அவை பாதுகாப்புக்கும் தனியுரிமைக்கும் சேர்ப்பவை, தேடல் மதிப்போடு தொடர்பில்லை. இதை அறியாமல் நல்ல மனிதரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லிங்க்கில் ஒன்றும் இல்லை என்றால் பக்கத்தின் தலைப்பகுதிக்குப் போங்கள். அங்கே ரோபாட்ஸ் மெட்டா குறியில் நோஃபாலோ அல்லது நோஇண்டெக்ஸ் (இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே என்ற கட்டளை) போட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா லிங்க்குக்கும் ஒரே கதிதான். அதிலும் இல்லையா, சர்வர் அனுப்பும் எச்டிடிபி தலைப்புகளைப் பாருங்கள். எக்ஸ் ரோபாட்ஸ் டேக் என்ற தலைப்பு வழியாகவும் இதே கட்டளையைக் கொடுக்க முடியும். மூல நிரலில் அது தெரியவே தெரியாது, உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியில்தான் தெரியும். ஆள் தெரிந்தே செய்கிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் வேண்டாம்.

அடுத்தது ரோபாட்ஸ் டெக்ஸ்ட் கோப்பு. தளத்தின் வேர் முகவரியில் யாரும் திறந்து பார்க்கலாம். லிங்க் பக்கம் இருக்கும் கோப்புறையையே தேடுபொறி நுழையக் கூடாது என்று தடுத்திருந்தால், அந்தப் பக்கத்தை அது வாசிக்கவே போவதில்லை. வேறு சிலர் லிங்க்கை நேரடியாகக் கொடுக்காமல் தங்கள் தளத்திலேயே ஒரு திருப்பிவிடும் முகவரி வழியாகக் கொடுத்து, அந்த முகவரியைத் தடுத்து வைப்பார்கள். இன்னும் சிலர் உண்மையான லிங்க் குறியே போடாமல் ஜாவாஸ்கிரிப்டால் சொடுக்கை மட்டும் பிடித்து அனுப்புவார்கள். கூகுள் நம்பிப் பின்தொடர்வது முகவரியோடு கூடிய ஏ குறியைத்தான்.

முகப்புப் பக்கத்திலிருந்து அந்த லிங்க் பக்கத்துக்கு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு அனுப்பிய முகவரியில் மட்டும் திறக்கும், தளத்தின் எந்த மெனுவிலும் இருக்காது என்றால் அது உங்களுக்குக் காட்டுவதற்காகவே செய்த பக்கம்.

கண்டுபிடிக்கக் கடினமானது ஆளுக்கொரு பக்கம் காட்டுவது. வாசகருக்கு ஒன்று, பக்கங்களை வாசிக்க வரும் கூகுளின் தானியங்கி நிரலான கூகுள்பாட்டுக்கு வேறொன்று. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற இலவசக் கருவியில் யாருடைய பக்கத்தையும் கொடுத்துச் சோதிக்கலாம். கூகுளுக்குக் கிடைத்த நிரலை அது காட்டும். அதில் உங்கள் லிங்க் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, லிங்க் போட்ட பின் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு.


மேலேறு எழுதியது:

இங்கே எல்லோரும் ஒரு பக்கத்தைத்தான் பேசுகிறீர்கள். நான் வாடிக்கையாளர்களின் தளங்களைத் தேடலில் உயர்த்தும் வேலையில் இருக்கிறேன். நேர்மையாகச் சொல்கிறேன், நல்ல கட்டுரை எழுதிவிட்டுக் காத்திருந்தால் லிங்க் தானாக வந்துவிடும் என்பது புதிய தளங்களுக்குப் பொருந்தாத அறிவுரை. யாரும் வந்து பார்க்காத கட்டுரைக்கு யார் லிங்க் கொடுப்பார்கள்? பெரிய தளங்கள் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் இன்னும் லிங்க் சேர்க்கின்றன. சின்னவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதில் என்ன குற்றம்?

உளிச்சத்தம், உங்களுக்கு வந்த இரண்டாவது மின்னஞ்சலை உடனே தள்ள வேண்டியதில்லை. மூன்று தளங்கள் சுற்றில் லிங்க் கொடுக்கும்போது எந்த இருவருக்கும் இடையே பரிமாற்றம் இருக்காது. பார்ப்பதற்கு இயல்பாகவே இருக்கும். அந்தத் தளத்தின் டொமைன் ரேட்டிங் நன்றாக இருந்தால் யோசிக்கலாம்.


நிரல்நேசன் எழுதியது:

மேலேறு, சின்னத் தளங்களின் சிரமம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூன்று பேர் சுற்று பாதுகாப்பானது என்பதை ஏற்க மாட்டேன்.

தேடுபொறி உங்கள் இருவரை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதில்லை. இணையம் முழுவதையும் லிங்க்குகளால் ஆன ஒரு வரைபடமாகப் பார்க்கிறது. அதில் ஒரு சிறிய கூட்டம் தங்களுக்குள்ளேயே வட்டமடிப்பதும், ஒரே சொற்களால் லிங்க் போடுவதும், தலைப்புக்குச் சம்பந்தமில்லாத பக்கங்களிலிருந்து வருவதும் கணக்கில் தனித்துத் தெரியும். உங்களிடம் வந்த அதே ஆள் நூறு பேரிடம் அதே மூன்றாவது தளத்துக்கு லிங்க் கேட்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

2012 ஏப்ரலில் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது இந்த மாதிரி லிங்க்குகளுக்காகத்தான். அன்றைக்கு முழுத் தளமும் கீழே போகும், அடுத்த முறை அந்தக் கணக்கை ஓட்டும் வரை மேலே வர முடியாது. 2016 செப்டம்பரிலிருந்து அது தேடலின் மையக் கணக்கிலேயே சேர்ந்து உடனுக்குடன் இயங்குகிறது. பெரும்பாலும் அந்த லிங்க்குக்கு மதிப்பே தராமல் விட்டுவிடுகிறது. 2018இல் ஸ்பாம்பிரெய்ன் என்ற கற்றல் முறை வந்தது. 2022 டிசம்பரில் லிங்க் எரிதத்தைப் பிடிக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். லிங்க் வாங்கும் தளம், அதற்கென்றே நடத்தப்படும் தளம் இரண்டையும் அடையாளம் காண அது பயிற்சி பெற்றது.

டொமைன் ரேட்டிங் ஏரெஃப்ஸ் நிறுவனம் தன் தரவை வைத்துப் போடும் எண். டொமைன் அத்தாரிட்டி மாஸ் நிறுவனத்தினுடையது. இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. குப்பை லிங்க்குகளையும் திருப்பிவிடும் முகவரிகளையும் குவித்து அந்த எண்ணை மட்டும் ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எண்ணைப் பார்த்து ஒரு தளத்தை நம்பாதீர்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரி முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் பள்ளியின் தளமாகவோ தொண்டு அமைப்பின் தளமாகவோ இருந்து, இடையில் கைவிடப்பட்டு, இப்போது எல்லாத் தலைப்பிலும் கட்டுரை போடும் தளமாக மாறியிருந்தால், காலாவதியான முகவரியை அதன் பழைய மதிப்புக்காக வாங்கியிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் எரிதக் கொள்கையில் இதைத் தனியாகவே சேர்த்தது.


எழிலி எழுதியது:

தண்டனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு நிறுவனம் இன்னொருவரிடமிருந்து வாங்கிய தளத்தைச் சரிசெய்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய உரிமையாளர் "எங்கள் கூட்டாளிகள்" என்று பக்கம் பக்கமாக லிங்க் அடுக்கி வைத்திருந்தார். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் நேரடி நடவடிக்கை (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) அறிவிப்பு வந்திருந்தது. இதில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் தளத்துக்கு வரும் இயற்கைக்கு மாறான லிங்க் ஒன்று, உங்கள் தளத்திலிருந்து போகும் இயற்கைக்கு மாறான லிங்க் இன்னொன்று. நான் பார்த்த தளத்துக்கு இரண்டும் இருந்தன. "நான் கொடுக்கத்தானே செய்கிறேன், வாங்கவில்லையே" என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போகிற லிங்க்கைச் சரிசெய்வது எளிது, நம் கையில் இருக்கிறது. அந்தப் பக்கங்களையே எடுத்தோம். வருகிற லிங்க்குக்குத்தான் உயிர் போகும். ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி நீக்கச் சொல்ல வேண்டும். பாதிப்பேர் பதிலே போடவில்லை. சிலர் நீக்குவதற்குப் பணம் கேட்டார்கள்! முடியாமல் போனவற்றை மட்டும், இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிசவோ கருவியில் பட்டியலாகக் கொடுத்து, என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். நடவடிக்கை விலகியது. ஆனால் வருகை பழைய நிலைக்கு வரவில்லை, ஏனென்றால் பழைய இடம் அந்தப் பொய் லிங்க்குகளால் கிடைத்தது. நேர்மையாக எழுதிய ஊழியர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்கள் உழைப்பும் சேர்த்து மதிப்பிழந்து கிடந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

உளிச்சத்தம், உங்கள் தளத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை என்றால் டிசவோ கருவியைத் தொடவே தொடாதீர்கள். நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். நீங்கள் கேட்காமல் வரும் குப்பை லிங்க்குகளைக் கூகுள் தானே ஒதுக்கிவிடும்.


பழையபதிவர் எழுதியது:

எழிலி சொன்னது சின்னத் தளங்களுக்கு மட்டுமல்ல. 2013 டிசம்பரில் ராப் ஜீனியஸ் என்ற பாடல் வரிகள் தளம், தங்கள் பாடல் பக்கங்களுக்கு லிங்க் போடும் வலைப்பதிவர்களை ட்விட்டரில் பரப்பி வாசகர் கூட்டம் தருவதாகச் சொன்னது. ஒருவர் அவர்களிடமிருந்து தனக்கு வந்த மின்னஞ்சலை அப்படியே வெளியிட்டார். கிறிஸ்துமஸ் அன்று தளத்தின் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதல் பக்கத்தில் வரவில்லை. லிங்க்குகளை நீக்கச் சொல்லி அலைந்து, சுமார் 10 நாளில் மீண்டார்கள். முதலீட்டாளர்களும் பொறியாளர்களும் இருந்த நிறுவனம் அது. தனியாளாகத் தளம் நடத்துகிறவருக்கு அந்த வேகம் வாய்க்காது.

பணம் கைமாறாவிட்டால் பரவாயில்லை என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அங்கே கைமாறியது பணம் இல்லை, விளம்பரம்.


மேலேறு எழுதியது:

சரி, மூன்று பேர் சுற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மெருகுக்காரரும் இவரும் லிங்க் கொடுத்துக்கொண்டால் அதுவும் பரிமாற்றம்தானே? விதிப்படி அதுவும் தப்பா?


எழிலி எழுதியது:

விதியைப் படித்தால் "மிதமிஞ்சிய" பரிமாற்றம், குறுக்கு லிங்க்குக்காகவே உருவாக்கும் கூட்டாளிப் பக்கங்கள் என்றுதான் இருக்கிறது. ஒரே துறையில் எழுதும் இருவர் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவது இணையத்தில் எப்போதும் நடப்பது. அதைத் தப்பு என்றால் இணையமே இல்லை.

நான் பார்ப்பது இதைத்தான். தேடுபொறி என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்கள் வாசகர் மேசை செய்து முடித்த பின் அடுத்து மெருகு பூச வேண்டும் என்று நிற்பார். அவரை எங்கே அனுப்புவீர்கள்? அந்த ஷெல்லாக் கட்டுரைக்குத்தான் என்றால், அவர் திருப்பித் தந்தாலும் தராவிட்டாலும் லிங்க் கொடுங்கள். கட்டுரையில் அந்தப் பேச்சு வரும் இடத்திலேயே, வாசகருக்குப் புரியும் சொற்களில் கொடுங்கள். அடிக்குறிப்பிலோ பக்கவாட்டிலோ எல்லாப் பக்கத்திலும் வரும்படி போட வேண்டாம். அவர் சொல்லிக் கொடுத்த சொற்களை அப்படியே போடவும் வேண்டாம்.

எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது கூகுளுக்காக இல்லை. "இதைப் போய்ப் படியுங்கள்" என்று நாம் சொன்னால் நம்பிப் போகிறவர் வாசகர். அவரைத் தெரிந்தே ஒன்றுக்கும் உதவாத பக்கத்துக்கு அனுப்புவது அவருடைய நேரத்தைத் திருடி இன்னொருவருக்குக் கொடுப்பது.


உளிச்சத்தம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிரல்நேசன் சொன்ன முறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் தளத்தின் லிங்க் பக்கத்துக்கு முகப்பிலிருந்து வழியே இல்லை. ரோபாட்ஸ் டெக்ஸ்ட் கோப்பில் அந்தக் கோப்புறை தடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாமவர் லிங்க் தருவதாகச் சொன்ன தளம் வேபேக் மெஷினில் முன்பு ஓர் இசைக்குழுவின் தளமாக இருந்திருக்கிறது. இப்போது பல் மருத்துவம் முதல் பங்குச்சந்தை வரை எல்லாம் எழுதுகிறார்கள். இருவருக்கும் பதில் போடவில்லை.

மெருகுக்காரரின் தளத்தில் வெளியே போகும் லிங்க் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ இருக்கிறது. மறைக்கவில்லை, கேட்டதும் அவரே சொன்னார். தன் தளத்தை நிறுவியவர் அப்படி அமைத்துக் கொடுத்தாராம், என்னவென்று தனக்குத் தெரியாதாம். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நானும் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ போட்டுவிட்டால் பாதுகாப்பா?


நிரல்நேசன் எழுதியது:

அவரைச் சந்தேகப்பட வேண்டாம். பல தள வார்ப்புகளில் வெளி லிங்க் எல்லாவற்றுக்கும் அந்தக் குறியைத் தானாகச் சேர்க்கும் அமைப்பு இருக்கிறது. பயத்தில் அதை இயக்கி வைக்கிறவர்கள் நிறைய. 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் நோஃபாலோவைக் கண்டிப்பான கட்டளையாக எடுப்பதில்லை, ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதே சமயம் இரண்டு புதிய குறிகளையும் தந்தது. பணம், பொருள், சலுகை எதையாவது வாங்கிக்கொண்டு கொடுக்கும் லிங்க்குக்கு ஸ்பான்சர்டு. வாசகர்கள் கருத்தில் இடும் லிங்க்குக்கு யூஜிசி.

நீங்கள் எல்லாவற்றுக்கும் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நம்பிக்கையோடு கொடுக்கும் லிங்க்கைக் குறி எதுவும் இல்லாமல் கொடுங்கள். இன்னொரு சின்னத் தளத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதான், மேலேறு கேட்டதற்கும் என் பதில் இதுவே. உளி விற்கும் கடை உங்களுக்கு ஓர் உளியை இலவசமாக அனுப்பி மதிப்புரை கேட்டால் அந்த லிங்க்குக்கு ஸ்பான்சர்டு போடுங்கள், கட்டுரையின் மேலேயே வாசகருக்கும் சொல்லுங்கள்.


மேலேறு எழுதியது:

இதுவரை லிங்க் கேட்கும் மின்னஞ்சலைத்தான் என் வாடிக்கையாளர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகு வேறு வழி தேடுகிறேன். லிங்க் கேட்காமல், பயனுள்ள ஒன்றைச் சுட்டிக்காட்டி எழுதினால் அதுவும் தொந்தரவா?


பழையபதிவர் எழுதியது:

தொந்தரவு இல்லை. அவர்கள் பக்கத்தில் செத்துப்போன லிங்க் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அதே பொருளில் உங்கள் வாடிக்கையாளரிடம் நல்ல பக்கம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் செத்த லிங்க்கை மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள். வேறு யாரும் திரட்டாத தகவல் உங்களிடம் இருந்தால் அதை வெளியிடுங்கள். ஓர் அட்டவணை, ஓர் அளவுக் கணக்கு, தெளிவான படங்கள் எதுவானாலும் சரி. உளிச்சத்தம் தளத்தில் எந்த மரத்துக்கு எந்தக் கோணத்தில் உளி தீட்டுவது என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு லிங்க் கேட்டு யாருக்கும் அவர் எழுதியதாகத் தெரியவில்லை, ஆனால் மரவேலைக்காரர்கள் கூடும் இடங்களில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.


எழிலி எழுதியது:

இன்னொன்று. கொடுத்த லிங்க்கைக் கொடுத்தபடி விட்டுவிடக் கூடாது. நாம் நம்பிக் கொடுத்த நல்ல தளத்தின் உரிமையாளர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால் அதைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிவிடுவார்கள். நம் லிங்க் அங்கேயே நிற்கும். உடைந்த லிங்க்கைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு இது அகப்படாது, ஏனென்றால் பக்கம் நன்றாகத் திறக்கும். அதனால் பழைய கட்டுரைகளின் வெளி லிங்க்குகளை அவ்வப்போது நாமே சொடுக்கிப் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், வேபேக் மெஷினில் அந்தக் கட்டுரையின் பழைய பிரதியைத் தேடி, லிங்க்கை அதற்கு மாற்றிவிடுங்கள். உளிச்சத்தம், உங்கள் அரம் பற்றிய கட்டுரையில் இரண்டாவது லிங்க் அப்படித்தான் மாறியிருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.